எட்டு ஷில்லிங் பிள்ளைகள்

அதிகாரி ஒருவர் எங்கள் பள்ளிக்கு வந்த நாளில், மூன்றாம் வகுப்பில் நான் முதலில் எழுப்பியது அந்தச் சிறுமியைத்தான். பக்கத்தைத் திருப்பிக் கொடுத்ததும் கணீரென்று வாசித்தாள். எங்கும் திக்கவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள், இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தாள். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. அவள் விரல் மூன்றாவது வரியில் இருந்தபோது வாய் ஐந்தாவது வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது. பாடம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். எழுத்தைக் கூட்டி அவள் வாசிக்கவில்லை.

அன்று மாலை பதிவில் அவளை ‘மலர்’ என்று குறித்தேன். அரும்பு, மொட்டு, மலர் என்பவை எங்கள் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளின் கற்றல் நிலையைச் சொல்லும் பெயர்கள். முதல் வகுப்புக்குரிய நிலை அரும்பு, இரண்டாம் வகுப்புக்குரியது மொட்டு, மூன்றாம் வகுப்புக்குரியது மலர். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அரும்பிலும் இருக்கலாம். இருந்தால் அந்த இடத்திலிருந்தே அவளுக்குக் கற்பிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பிரிப்பு. இது தெரிந்தே நான் தப்பாகக் குறித்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். கையில் மடித்து வைத்த ஒரு சீட்டு. மகளிர் குழு மூலமாக வாங்கிய கடனுக்கு எத்தனை தவணை கட்டியாயிற்று, பாக்கி எவ்வளவு என்று அச்சடித்த தாள். கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். வீட்டில் எழுத்து தெரிந்தவள் மகள் ஒருத்திதான் என்பது அவர் நம்பிக்கை.

“எம் பொண்ணு நல்லா வாசிக்குதுன்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க? சீட்ட நீட்டுனா பேந்தப் பேந்த முழிக்குது.”

அதிகாரிக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. இந்தக் கேள்விக்கு இல்லை. அந்த வெட்கம்தான் என்னை வரலாற்றுப் புத்தகங்களின் பக்கம் தள்ளியது. பிள்ளையின் வாசிப்பை அளந்து மேலே அனுப்பும் இந்த வழக்கம் எங்கே, யாருக்காகத் தொடங்கியது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

*

நோட்டுப் புத்தகத்தின் லேபிளில் பெயருக்குக் கீழே ‘ஸ்டாண்டர்டு’ என்று ஒரு கோடு இருக்கும். “எத்தனாம் ஸ்டாண்டர்டு படிக்கிற?” என்று இன்றும் ஊரில் கேட்கிறோம். வகுப்புக்கு அந்தப் பெயர் வந்த கதை 1862இல் இங்கிலாந்தில் தொடங்குகிறது.

அங்கே ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு அரசு மானியம் கொடுத்துவந்தது. செலவு ஏறிக்கொண்டே போனது. நியூகாஸில் பிரபு தலைமையிலான ஆணையம் 1861இல் தந்த அறிக்கை, பல பிள்ளைகள் அடிப்படை வாசிப்புகூட இல்லாமல் பள்ளியை விட்டுப் போகிறார்கள் என்றது. அப்போது கல்விப் பொறுப்பில் இருந்த ராபர்ட் லோ அடுத்த ஆண்டு திருத்தப்பட்ட கல்வி விதிகளைக் கொண்டுவந்தார். இந்த முறை மலிவாக இல்லாவிட்டால் திறமையாக இருக்கும், திறமையாக இல்லாவிட்டால் மலிவாக இருக்கும் என்பது நாடாளுமன்றத்தில் அவர் தந்த உறுதி.

விதி எளிமையானது. சராசரி வருகைக்குப் பிள்ளை ஒன்றுக்கு 4 ஷில்லிங். ஆறு வயதைக் கடந்த பிள்ளை ஆய்வாளர் முன்னால் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறினால் மேலும் 8 ஷில்லிங். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். தேர்வுக்கு ஆறு படிகள். அவற்றுக்குத்தான் ‘ஸ்டாண்டர்டு’ என்று பெயர். முதல் படியில் ஓரசைச் சொற்களால் ஆன ஒரு சிறு கதையை வாசிக்க வேண்டும், சொல்லச் சொல்ல எழுத்துகளைப் பலகையில் எழுத வேண்டும், 20 வரை எண்களை அடையாளம் காண வேண்டும். ஆறாம் படியில் செய்தித்தாளின் ஒரு பத்தியை வாசிக்கவும், சொல்லக் கேட்டு எழுதவும், கடைப் பட்டியலுக்குக் கணக்குப் போடவும் தெரிந்தால் போதும். ஏழைப் பிள்ளைக்கு அதற்கு மேல் அந்தத் திட்டத்தில் தேவை வைக்கப்படவில்லை.

மானியம் 1861இல் 8 லட்சத்து 13 ஆயிரம் பவுண்டுக்கு மேல் இருந்தது. 1865இல் 6 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. மலிவு என்ற பாதி உறுதி நிறைவேறிவிட்டது. திறமை என்ற பாதியைப் பற்றி, கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மேத்யூ அர்னால்டு தன் அறிக்கைகளில் எழுதினார். தந்திரமாகத் தயார்செய்தால், வாசிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் உண்மையில் தெரியாத பிள்ளையைக்கூட இந்தத் தேர்வில் தேற வைத்துவிடலாம் என்பது அவர் கண்டது. ஆண்டு முழுக்க ஒரே வாசிப்புப் புத்தகத்தை உருப்போட வைத்தார்கள். புத்தகம் தலைகீழாக இருந்தாலும் பிசகாமல் ‘வாசித்த’ பிள்ளைகளைப் பற்றிய கதைகள் அந்தக் காலத்து நினைவுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன.

இதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஐந்தாவது வரியைச் சொன்ன வாயும் மூன்றாவது வரியில் நின்ற விரலும் கண்முன் வந்து நின்றன. நான் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. என் தவறுக்கு நூற்றைம்பது வயது தாண்டிவிட்டது.

*

கல்வி வரலாறுகள் பெரும்பாலும் இந்தக் கதையை ‘பிள்ளை’ என்ற பொதுச்சொல்லிலேயே சொல்லி முடித்துவிடுகின்றன. பெண் பிள்ளைக்கு அந்த விதிகளில் ஒரு கிளை விதி இருந்தது. பெண்களுக்கு எளிய தையல் கற்றுக்கொடுக்காத பள்ளிக்கு மானியம் கிடையாது. ஆக, பையன்கள் மூன்று பாடம் படித்த நேரத்துக்குள் அவள் நான்கு படிக்க வேண்டும். வாரத்தில் பல மணி நேரம் ஊசிக்கும் நூலுக்கும் போயிற்று. அதனால் கணக்கில் பெண் பிள்ளைகள் பின்தங்கினார்கள். கண்டுகொண்டதும் அவர்கள் தையலைக் குறைக்கவில்லை. கணக்குத் தேர்வில் பெண்களிடம் அவ்வளவு கண்டிப்பு வேண்டாம் என்று ஆய்வாளர்களுக்கு அறிவுறுத்தினார்கள். பார்வைக்கு இது சலுகை. நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு அளவுகோலைத் தாழ்த்திக் கொடுக்கும் இந்தச் சலுகையைப் பெண்கள் எல்லா நாட்டிலும் அறிவோம்.

கற்பித்தவர்கள் யார்? பதின்மூன்று வயதில் பயிற்சி மாணவியாகச் சேர்ந்து, பகலில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, மற்ற நேரத்தில் தானும் படித்த பெண்கள் ஏராளம். புதிய விதிகள் வந்த பிறகு அரசு ஆசிரியர்களுக்கு நேரடியாகப் பணம் தருவதை நிறுத்தி, எல்லாவற்றையும் பள்ளி நிர்வாகத்தின் கையில் கொடுத்தது. பிள்ளை தேறினால்தான் பள்ளிக்குப் பணம், பள்ளிக்குப் பணம் வந்தால்தான் ஆசிரியைக்குச் சம்பளம். அதுவும் ஆண் ஆசிரியரைவிடக் குறைவு. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் பெண்களே பெரும்பான்மை. பெண் மலிவாகக் கிடைத்தாள் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

*

சென்னை மாகாணத்துக்கும் இங்கிலாந்தின் பள்ளிகளுக்கும் அதற்கு முன்பே கொடுக்கல் வாங்கல் இருந்தது. எழும்பூரில் ராணுவ அனாதை விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையோடு அதைச் சேர்த்து 1797இல் நூலாக்கினார். அது அங்கே ‘மெட்ராஸ் முறை’ என்றே பரவியது. மணல் இங்கிருந்து போயிற்று. 1860களில் ‘ஸ்டாண்டர்டு’ அங்கிருந்து வந்தது.

தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் நம் திண்ணைப் பள்ளிகளையும் வளைத்தது. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி என்று போய்க்கொண்டிருந்த திண்ணை வாத்தியார், மானியம் வேண்டுமானால் வருகைப் பதிவேடு வைக்க வேண்டும், அச்சுப் புத்தகம் வாங்க வேண்டும், ஆய்வாளர் வரும் நாளில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்த வேண்டும். முந்திரி, காணி, மா என்று பின்னங்களை வாய்ப்பாடாகச் சொன்ன பிள்ளைகளின் அறிவுக்கு அந்தப் படிகளில் இடம் சுருங்கியது.

இந்த இடத்தில் பலர் பெருமூச்சு விடுவார்கள். வெள்ளைக்காரன் வருமுன் நம் ஊரெல்லாம் பள்ளி இருந்ததே என்பார்கள். இருந்தது உண்மை. மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் அவர் தொகுத்து எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருக்கிறார்கள். தரம்பால் 1983இல் வெளியிட்ட ‘அழகிய மரம்’ என்ற ஆங்கில நூலுக்குப் பின் இந்த எண்கள் மேடைதோறும் முழங்கின. அதே கணக்கில் இன்னொரு வரி உண்டு. ஆண் பிள்ளைகள் 1,84,110. பெண் பிள்ளைகள் 4,540. நூறு பேரில் மூன்று பேர்கூட இல்லை. எழுத்து நடனப் பெண்களுக்கு உரியது, குடும்பப் பெண்ணுக்கு அடுக்காது என்ற எண்ணம் நிலவியதை மன்றோவே எழுதியிருக்கிறார். திண்ணை அழிந்ததற்காக வருந்தும்போது, அந்தத் திண்ணையில் நானும் என் மாணவியும் உட்கார்ந்திருக்க முடியாது என்பது எனக்கு மறப்பதில்லை.

1882இல் ஹண்டர் தலைமையிலான கல்விக் குழு இந்தியா முழுவதும் சாட்சியம் கேட்டது. புனேயில் பண்டித ரமாபாய் அதன் முன் நின்று, பெண்களுக்குப் பெண் ஆசிரியர்கள் வேண்டும், பெண் ஆய்வாளர்கள் வேண்டும் என்றார். குழு தொடக்கக் கல்விக்குத் தேர்ச்சி மானிய முறையைப் பரிந்துரைத்தது. பெண் பள்ளிகளைப் பற்றியும் பரிந்துரைத்தது. அவர்களுக்குரிய படிகள் ஆண் பள்ளிகளைவிட எளிமையாக இருக்க வேண்டும், வீட்டு வாழ்க்கையின் தேவைகளையும் பெண்களுக்குத் திறந்திருக்கும் தொழில்களையும் கருதி அமைய வேண்டும் என்றது. இங்கிலாந்தின் ஊசி நூல் கப்பலேறி இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது.

ஆனாலும் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பெண் பள்ளிகளுக்கு எளிதாக மானியம் தரச் சொன்னதும் அதே குழுதான். படியேறிய பெண்களுக்கு ஆசிரியை வேலை என்ற ஒரு கதவு திறந்தது. பதினோரு வயதில் மணமாகி உடனே கணவரை இழந்த சுப்புலட்சுமி 1911இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே விதவைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஓர் இல்லம் தொடங்கினார். பின்னாளில் அது திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸில் இயங்கியது. அவர்களை ஆசிரியைகளாக்குவதே அதன் நோக்கம். பிராமண விதவைகளுக்கான இல்லம் என்ற வேலி அதைச் சுற்றி இருந்தது. அந்த வேலியையும் சொல்லித்தான் அந்தக் கதவைப் பற்றிப் பேச வேண்டும். மொட்டைத் தலையோடு மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண் கையில் சுண்ணக்கட்டியோடு வகுப்பின் முன்னால் நின்றாள் என்பதும் நடந்தது.

இங்கிலாந்து தேர்ச்சி மானியத்தை 1890களில் கைவிட்டது. கர்சன் காலத்தில், 1904ஆம் ஆண்டின் கல்விக் கொள்கைத் தீர்மானத்துக்குப் பின், இந்தியாவும் விட்டது. அந்த முறையில் பிள்ளைகளைச் சோதித்த ஆய்வாளர்களில் ஒருவரான எட்மண்ட் ஹோம்ஸ், ஓய்வுபெற்ற கையோடு 1911இல் ஒரு நூல் எழுதி, அது பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் எந்திரங்களாக்கியது என்று வருந்தினார்.

*

நான் ஆசிரியப் பயிற்சியில் இருந்தபோது ‘குறைந்தபட்சக் கற்றல் அளவுகள்’ என்று ஒரு பாடம் இருந்தது. தேசிய அளவில் ஒரு குழு உருவாக்கி 1991இல் வெளிவந்தது. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை மொழி, கணிதம், சூழ்நிலையியலில் எந்தப் பிள்ளைக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியல். 2007 முதல் செயல்வழிக் கற்றல் மாநிலமெங்கும் வந்தது. அட்டைகள், ஏணிப்படி, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்த ஆசிரியர். 2021இல் ஒன்றிய அரசின் நிபுண் பாரத், மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை நிமிடத்துக்கு 60 சொற்களாவது பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2022இல் தமிழ்நாட்டின் எண்ணும் எழுத்தும் வந்தது. ஒவ்வொன்றிலும் நல்லது இருந்தது. செயல்வழிக் கற்றல்தான் என்னை நாற்காலியிலிருந்து இறக்கியது. எண்ணும் எழுத்தும்தான் ஒரே வகுப்பில் மூன்று நிலைகள் இருப்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளச் சொன்னது.

ஒவ்வொன்றையும் தோளில் சுமந்தவர்களில் பெண்கள் மிகுதி. கொரோனாவுக்குப் பின் 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் மாலை நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் ஊரில் அதைச் செய்த பெண் பட்டதாரி. அவள் வேலை நேர்த்தியானது. அதன் விலையைப் பார்க்கும்போது லோவின் பழைய உறுதிமொழி என் காதில் விழுகிறது.

இவ்வளவும் படித்த பிறகு அளவுகோலே வேண்டாம் என்று முடிவுக்கு வந்துவிட்டேனா? இல்லை. அந்த அம்மாவின் கேள்வி என்னை விடவில்லை. அளக்காமல் விட்ட காலத்தில் முதலில் கணக்கிலிருந்து விழுந்தவள் பெண் பிள்ளைதான். ‘எளிமையான படி’ போதும் என்று அளவைத் தாழ்த்தியதும் அவளுக்குத்தான். என் மகளுக்கு வாசிக்கத் தெரியுமா என்று ஒரு தாய் கேட்டால், தெரியும், தெரியாது என்று ஒரு நேர்மையான பதில் அவருக்கு உரிமை. லோவும் கணக்குக் கேட்டார், அந்த அம்மாவும் கணக்குக் கேட்டார். லோ கேட்டது கருவூலத்துக்காக. அந்தப் பதிலோடு காசும் அவமானமும் கட்டப்பட்டிருந்தன. அதனால் பொய்ப் பதில் வந்தது. அம்மா கேட்டது மகளுக்காக. அங்கே பொய் சொல்வதால் யாருக்கும் லாபமில்லை.

அதன் பிறகு என் வகுப்பில் சில வழக்கங்களை மாற்றிக்கொண்டேன். வாசிக்கச் சொல்லும்போது பக்கத்தின் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசிக்கச் சொல்வேன். உருப்போட்டது அங்கே உதவாது. பாடநூலுக்கு வெளியே ஒரு தாள் எப்போதும் இருக்கும். ரேஷன் கடைப் பலகையில் எழுதியிருப்பது, பேருந்தின் பெயர்ப்பலகை, மருந்து அட்டை. எழுத்துக்கு, பாடத்தில் உள்ள சொற்களையே இடம் மாற்றி, அவர்கள் கேட்டிராத வாக்கியமாகச் சொல்வேன். கணக்குக்கு முதலில் வாயால் சொல்லச் சொல்வேன். 50 ரூபாய்க்கு 32 ரூபாய்ச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்றால் அந்தச் சிறுமி கண் இமைக்கும் நேரத்தில் 18 என்பாள். 32லிருந்து எட்டு எட்டாக எண்ணி ஏறாமல், நாற்பதுக்கு எட்டு, அப்புறம் பத்து என்று தாவுவாள். அதையே பலகையில் கடன் வாங்கிக் கழிக்கச் சொன்னால் விழிப்பாள். பூஜ்யத்துக்கு மேல் எதற்கு அடித்து எழுதுகிறோம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை. பத்து ரூபாய்த் தாளைப் பத்து ஒற்றை ரூபாயாக மாற்றிக் காட்டிய அன்று அது அவளுக்குப் பிடிபட்டது.

இன்னொரு குறிப்பும் வைத்திருக்கிறேன். யார் எந்த நாளில் வரவில்லை, ஏன் வரவில்லை. தம்பிக்குக் காய்ச்சல், அம்மா களையெடுக்கப் போனது, தண்ணீர் லாரி வரும் நாள். பெண் பிள்ளைகளின் பக்கங்களில்தான் இந்தக் காரணங்கள் நிரம்புகின்றன. ஊசி நூல் போய்விட்டது. அது தின்ற நேரத்தை இப்போது வேறு வேலைகள் தின்கின்றன. நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணுகிறவர்கள் அவளுக்கு எத்தனை நிமிடம் கிடைத்தது என்றும் எண்ண வேண்டும்.

அந்தச் சிறுமியின் நிலையை அடுத்த பதிவில் ‘அரும்பு’ என்று திருத்தினேன். இரண்டு படி இறங்கியது ஏன் என்று கேட்டார்கள். முன்பு நான் குறித்தது தப்பு என்றேன். கொஞ்சம் முறைப்பு, அவ்வளவுதான். அதற்குப் பயந்தா ஒரு பிள்ளையின் இரண்டு மாதத்தை வீணடித்தேன் என்று எனக்கே அவமானமாக இருந்தது.

ஆண்டு முடிவதற்குள் அவள் மொட்டுக்கு வந்திருந்தாள். ஒரு சனிக்கிழமை அம்மாவும் மகளுமாக அதே சீட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து அவள் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். நிமிடத்துக்கு 60 சொல்லெல்லாம் இல்லை. பத்து வந்திருந்தால் அதிகம். தேதியை வாசித்தாள், தவணைத் தொகையை வாசித்தாள். அம்மா ஒவ்வொன்றுக்கும் விரல் மடக்கிக்கொண்டே வந்தார். கடைசிக் கட்டத்தில் ஒரு சொல்லில் நின்றாள். இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, சரியாகச் சொன்னாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நிலுவைன்னா என்ன டீச்சர்?”